ஆக்குவோரும் காப்போரும்

(பேளுக்குறிச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கணினித் துறை நம் பிள்ளைகளுக்கு எட்டுமா?" என்று பெற்றோர் பலர் ஆசிரியர்களாகிய நம்மிடம் வினவுகின்றனர். விடை கூறுமுன், அத்துறையில் இன்று வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிதல் வேண்டும். அதனையே இவ்வுரையின் பொருளாகக் கொண்டோம்.

முன்பெல்லாம் மென்பொருளைக் குறுந்தகட்டில் பதித்து விற்றனர். வாங்கியவர் தம் கணினியில் அதனை ஏற்றிக்கொண்டார். விற்றவரின் வேலை பெரும்பாலும் அத்துடன் முடிந்தது. இன்றோ மென்பொருள் அதனை ஆக்கிய நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள கணினிகளிலேயே இயங்குகிறது. வாடிக்கையாளர் இணையத்தின் வழியே அதனைப் பயன்படுத்தி, மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துகிறார். மென்பொருளைச் சேவையாக வழங்கும் இம்முறையைச் சுருக்கமாகச் 'சாஸ்' என்பர். ஊர்ப் பொதுத் தொட்டியிலிருந்து குழாய்வழி நீர் வருவதை இதற்கு ஒப்பிடலாம். தனிக் கிணறு தூர்ந்தால் ஒரு வீட்டுக்கே தொல்லை. தொட்டி பழுதானால் ஊரே தவிக்கும். ஆகவே, நீரை நிறுத்தாமலே பழுதும் பார்க்க வேண்டும்.

இத்தொழிலில் தமிழ்நாடு பின்தங்கவில்லை. 1996இல் தொடங்கப்பெற்று, 2009இல் ஸோகோ எனப் பெயர் மாறிய நிறுவனம், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்திவருகிறது. 2010இல் சென்னையில் தோன்றிய ஃபிரஷ்டெஸ்க், பின்னர் ஃபிரஷ்வொர்க்ஸ் என்னும் பெயரோடு, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

இத்தகைய தொழிலகங்களில் நெடுநாளாக ஒரு சுவர் இருந்துவந்தது. நிரல் எழுதுவோர் ஒருபுறம். அதனை இரவும் பகலும் இயக்கிக் காப்போர் மறுபுறம். முன்னவர்க்கு மதிப்பு மிகுதி. பின்னவர்க்குப் பழி மிகுதி. எழுதுவோர் மாற்றத்தை விரும்பினர். காப்போர் மாற்றத்தை அஞ்சினர். இச்சுவரை இடிக்க எழுந்த இயக்கமே 'டெவ்ஆப்ஸ்' என்பது. 2009 அக்டோபரில் பெல்ஜியம் நாட்டின் கென்ட் நகரில் பேட்ரிக் டெபுவா என்பார் கூட்டிய மாநாட்டிலிருந்து இப்பெயர் பரவிற்று. ஆக்குவோரே காப்பதிலும் பங்கேற்க வேண்டும், காப்போர் ஆக்கத்திலும் கலந்துகொள்ள வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

இதன் நடைமுறைகள் எளியவை. பெரிய மாற்றங்களைச் சேர்த்துவைத்து ஒருநாளில் கொட்டாமல், சிறுசிறு மாற்றங்களாக அடிக்கடி வெளியிடுவர். யார், எப்போது, எதனை மாற்றினார் என்பது பதிவேட்டில் இருக்கும். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' என்னும் கருவி இதற்குப் பயன்படுகிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் கணினியே சோதிக்கும்; தேறினால்தான் மேற்செல்லும். முதலில் சில பயனாளர்க்கு மட்டும் வழங்கிப் பார்த்துப் பின்னரே அனைவர்க்கும் வழங்குவர். பழுது கண்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்புவர்.

இவற்றைப் புறக்கணித்தால் விளைவது என்ன? 2012 ஆகஸ்ட் 1ஆம் நாள், நைட் கேபிட்டல் என்னும் அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம் புதிய நிரலைக் கொண்டு தன் வணிகத்தைத் தொடங்கிற்று. எட்டுக் கணினிகளுள் ஏழில் மட்டுமே அது ஏற்றப்பட்டிருந்தது; எஞ்சிய ஒன்றில் பழைய நிரலே இருந்தது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பு நேர்ந்தது. ஒருவர் செய்ததை மற்றொருவர் சரிபார்க்க வேண்டும் என்னும் எழுத்துப்பூர்வமான விதியே அங்கு இல்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது. அந்த ஊழியர் ஒருவரை மட்டும் தண்டிப்பதால் விதி பிறந்துவிடாது. ஆகவேதான் டெவ்ஆப்ஸ் முறையில், பழுது நேர்ந்தபின் "யார் செய்தது?" என்று கேளாமல், "இது நிகழ ஏது இடங்கொடுத்தது?" என்று ஆராய்ந்து எழுதிவைக்கின்றனர். ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில் குறை கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தியை நிறுத்தலாம் என்னும் வழக்கம் இதற்கு முன்னோடியாகும்.

இவற்றைக் கேட்கும்போது அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நம் நினைவுக்கு வருகிறது. சாதி, தொழிலைப் பிரிப்பதோடு நில்லாமல் தொழிலாளரையே பிரித்து, ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிவைக்கிறது என அவர் அதில் விளக்கினார். சிந்திப்போர் மேல், செய்வோர் கீழ் என்னும் பிரிவினை அறத்துக்கு மட்டுமன்று, தொழில் திறனுக்கும் பகை என்பதை மென்பொருள் உலகம் பெரும் பொருளை இழந்து கற்றுக்கொண்டது. எனினும், அச்சுவர் இடிந்ததால் சாதிச் சுவரும் இடிந்துவிட்டதென நாம் மயங்கலாகாது. மென்பொருள் தொழில் தழைத்தோங்கும் சியாட்டில் நகரமே, 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. திறமையோடு விழிப்பும் வேண்டும்.

இனி, பெற்றோரின் வினாவுக்கு வருவோம். எட்டும், ஆனால் தானாக எட்டாது. ஸோகோ நடத்தும் பயிற்சிப் பள்ளி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோரையும் உதவித்தொகையளித்துப் பயிற்றுகிறது. அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு 2021 முதல் நடைமுறையில் உள்ளது. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்குகிறது. இவை கதவுகள், நடந்து செல்ல வேண்டியவர் நாமே.

முதல் தலைமுறையாகக் கற்கும் நம் பிள்ளைகளிடம் அறிவுக் குறைவு இல்லை; "தவறாகச் சொன்னால் சிரிப்பார்களோ" என்னும் அச்சமே மிகுதி. தவறு கண்டதும் மறைக்காமல் எடுத்துரைப்பதே முதற்கடமை எனக் கொள்ளும் தொழிலுக்கு, அவ்வச்சத்தை நீக்கும் வகுப்பறையே முதற்பயிற்சிக் கூடம். அதனை ஆக்குதல் ஆசிரியர்களாகிய நம் கடன்.

கழகத்தார்க்கு ஒரு வேண்டுகோள். இவ்வெள்ளி விழா ஆண்டில், கழகத்தின் உதவித்தொகைப் பதிவேட்டுக்கென ஒரு சிறு மென்பொருளை, மேல்நிலை வகுப்பு மாணவர் ஐவர் அறுவரிடம் ஒப்படையுங்கள். எழுதுவதோடு அவர்கள் நின்றுவிடலாகாது. ஓராண்டுக் காலம் இயக்கிக் காப்பவரும் அவர்களே ஆகட்டும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் சரிபார்க்கட்டும். நாள்தோறும் நகல் எடுக்கட்டும். பழுது நேர்ந்தால் காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதட்டும். தொடக்கத்தில் கைப்பதிவேடும் உடன் இருக்கட்டும். இரண்டும் ஒத்துவருகின்றனவா என மாதந்தோறும் பார்ப்போம். ஒரு மாணவியின் உதவித்தொகை அக்கணக்கைப் பொறுத்தது என்பதை உணர்ந்து பணியாற்றிய பிள்ளை, நாளை எந்நிறுவனத்தின் நேர்காணலிலும் தான் செய்ததைத் தலைநிமிர்ந்து எடுத்துரைக்கும்.

இதற்குப் பழைய கணினிகள் இரண்டும், மாலை வேளையில் திறந்திருக்கும் ஓர் அறையும் போதும். மேற்பார்வைப் பொறுப்பை ஆசிரியர்களாகிய நாம் மகிழ்வுடன் ஏற்கிறோம் எனக் கூறி அமைகிறோம்.