மூச்சிரைப்பும் எலும்பின் வலிவும்



பள்ளிக் கல்வியைப் பற்றிப் பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று உடலைப் பற்றிய கல்வி. கல்லுடைத்தும், சூளையில் உழைத்தும், விறகடுப்பின் புகையைச் சுவாசித்தும் நுரையீரல் நலிந்த முதியோர் நம்மிடையே பலர் உளர். பீடியின் பங்கும் பெரிது, மறைப்பதற்கில்லை. நாலடி நடந்தால் இரைக்கிறது என்று அவர்களைக் கட்டிலில் அமர்த்திச் சோறும் நீரும் கைக்கே கொடுக்கிறோம். அன்புதான், ஆனால் அந்த அன்பு எலும்பை அரிக்கிறது.

எலும்பு உயிருள்ள பொருள். சுமை தாங்கினால் வலுக்கும். சுமை நீங்கினால் மெலியும். இதனை ஜூலியஸ் வுல்ஃப் என்னும் ஜெர்மன் மருத்துவர் 1892-இல் நூலாகவே எழுதினார். எடையற்ற விண்வெளியில் மாதக்கணக்கில் தங்கிய வீரர்களின் இடுப்பெலும்பு, மாதத்திற்கு 1 விழுக்காட்டுக்கு மேல் தாதுப்பொருளை இழந்தது. கட்டிலே கதியென்று கிடப்பவரின் எலும்பும் அவ்வாறே மெலிகிறது.

நுரையீரல் நோயாளிக்கோ இழப்பு பல வழி. புகை கெடுக்கும், நீடித்த அழற்சி கெடுக்கும், அடிக்கடி விழுங்கும் பிரெட்னிசோலோன் மாத்திரையும் கெடுக்கும். அதற்காக அம்மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவரே குறைக்க வேண்டும். எலும்பு மிக நலிந்தால் இருமினாலே முதுகெலும்புக் கணு நொறுங்கக்கூடும். முதுகு கூனினால் மார்புக்கூடு குறுகும். மூச்சு மேலும் குறையும்.

இதற்கு மாற்று நடை. மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். பேச முடிகின்ற அளவுக்கு இரைத்தால் அஞ்ச வேண்டா. 5 நிமிடம் நடை, சற்று ஓய்வு, மீண்டும் 5 நிமிடம். நாளடைவில் 20, 30 நிமிடமாக உயர்த்துக. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதி விடுக. 8 முதல் 12 வாரங்களில் கால் வலுக்கும். இரைப்புக் குறைந்து கூடுதல் தொலைவு செல்லலாம்.

இழந்த எலும்பை நடை மட்டுமே மீட்டுத் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மேலும் மெலியாமல் காக்க உதவும்; கால் வலுத்தால் விழுவது குறையும், விழுவது குறைந்தால் முறிவும் குறையும். நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்தமர்தலும் நன்று. வெயிலும் கேழ்வரகும் துணை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு.

தெருவில் நடக்கும் உரிமைக்காகவே 1924-இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது. அவ்வுரிமை பெற்ற நம் பெரியவர்கள் கட்டிலில் கிடக்கலாமா? இளைஞர்களே, மாலையில் ஆளுக்கொரு முதியவரின் கைபற்றி நடத்துங்கள். இன்ஹேலர் உடனிருக்கட்டும். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ நடையை நிறுத்தி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.