இடமில்லை என்று சொன்னால்

ஒரே கூறைப் புடவைக்கு இரண்டு கல்யாண வீட்டாரிடம் அச்சாரம் வாங்க நம் காஞ்சிபுரத்தில் எந்த நெசவாளரும் சம்மதிக்கமாட்டார். ஆனால், சிலர் எப்படியும் வரமாட்டார்கள் என்னும் அனுமானத்தில், இருக்கும் ஆசனங்களுக்கு அதிகமாகவே டிக்கெட் விற்பது உலகெங்கும் விமானக் கம்பெனிகளின் வழக்கமாயிருக்கிறது.

மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் புறப்பட்டு, மீனம்பாக்கத்தில் உரிய நேரத்தில் ஆஜரான ஒரு தாயாரிடம், "இடமில்லை அம்மா" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. நஷ்டஈடு அவருடைய உரிமை.

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, தாமாக இடத்தை விட்டுக்கொடுப்பவர் உண்டா என்று கம்பெனி முதலில் விசாரிக்க வேண்டும். அப்படி ஒருவரும் முன்வராமல், விருப்பமின்றி நிறுத்தப்பட்டவருக்கு, ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் வேறு விமானம் கிடைக்காவிட்டால், ஒரு நாளைக்குள் அனுப்பினால் 10,000 ரூபாய் வரையிலும், அதற்கும் தாமதமானால் 20,000 ரூபாய் வரையிலும் நஷ்டஈடு உண்டு. இது தயவு அன்று. மறுபடியும் சொல்கிறேன், உரிமை. 2022 ஜூனில், இவ்விதியை மீறியதற்காக ஏர் இந்தியாவுக்கே 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

ஆகவே கவுண்டரில் கூசாமல் கேளுங்கள். காரணத்தை எழுத்து மூலம் கேளுங்கள். டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால், மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யலாம்.