சின்னஞ்சிறு பிக்கப் வண்டியும் அதன் உறுப்புகளும்

வீதியிலே பாரம் சுமந்து ஓடும் பிக்கப் வண்டியைப் பத்திலொரு பங்காகக் குறுக்கி, மேசைமீது வைக்கத்தக்க அளவிற் செய்து, வானொலி அலைகளால் அதனைக் கல்லிலும் சேற்றிலும் ஓட்டி மகிழ்வோர் உலகின் பல நாடுகளிலும் உளர். இது சிறுவர் விளையாட்டென்று எண்ணிவிடலாகாது. இவ்வண்டிகளுக்குள்ளே பற்சில்லுகள் உண்டு, அச்சுகள் உண்டு, வில்லுத் தகடுகள் உண்டு. பெரிய வண்டிக்கு வரும் நோய்களிற் பல இச்சிறு வண்டிக்கும் வரும். வந்தபோது மருந்து தேடுவதுதான் பெரும்பாடு.

யப்பானிலே ஷிசுவோக்கா நகரில் 1946ஆம் ஆண்டிலே மர வியாபார நிலையமாகத் தொடங்கியது தமியா நிறுவனம். 1951இல் ஏற்பட்ட தீ அதன் மரக்கிடங்கை அழித்துவிட்டது. அதன்பின் அந்நிறுவனத்தார் மர வியாபாரத்தைக் கைவிட்டு, முன்னரே செய்துவந்த மரத்தாலான மாதிரிப் பொருள்களிலேயே முழுக்கவனம் செலுத்தலாயினர். பின்னர் பிளாஸ்ரிக்குக்கு மாறினர். வானொலியால் இயங்கும் போர்ஷ் 934 கார் 1976இல் வெளிவந்தது. சில ஆண்டுகளில் ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பும், 1985இலே புறூசர் என்னும் வண்டியும் வந்தன. புறூசரிலே மூன்று வேகங்களுள்ள கியர்ப்பெட்டி இருந்தது. நான்கு சில்லுகளும் இழுத்தன. முன்னும் பின்னும் வில்லுத் தகடுகளே உடலைத் தாங்கின. உண்மை வண்டியின் தோற்றத்தை மட்டுமன்றி அதன் உட்கட்டமைப்பையும் பின்பற்றியமையாலேயே அதனை வாங்கியோர் நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அதனைக் கைவிட மனமின்றி இருக்கின்றனர்.

ஆனால் நாற்பது ஆண்டென்பது பிளாஸ்ரிக்குக்கு நெடுங்காலம். இளமையில் வளைந்து கொடுத்த பகுதி முதுமையில் முறிகின்றது. றப்பர் ரயர் இறுகி வெடிக்கின்றது. பரணிலிருந்து வண்டியை இறக்கித் தூசு தட்டி ஓட்டிப் பார்ப்பவர், முதற் கல்லில் மோதியவுடனே ஏதோ முறியும் ஓசையைக் கேட்கிறார். அப்பொழுதுதான் அவர் முன்னே உண்மையான கேள்வி எழுகின்றது. இனிக் கிடைத்தற்கரிய உறுப்புகளோடு கூடிய வண்டியை ஓட்டுவதா, கண்ணாடிப் பேழையில் வைப்பதா? ஓட்டுவதென்று முடிவு செய்தால், முறிந்த இடத்தில் எதைப் பொருத்துவது?

இதற்கு வழிகள் சிலவே. பழைய வண்டியொன்றைக் கழற்றி விற்போரிடம் மூல உறுப்பைப் பெறலாம். ஆனால் அதுவும் அதே வயதினது. நிழற்படத்திலே தெளிவாகத் தோன்றும் பெட்டியின் ஆணித்துளையைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்பு மறைந்திருக்கலாம். ஆணித்துளைகளை அண்மையிற் காட்டும் படமொன்றைக் கேட்டுப் பெற்ற பின்னரே பணம் கொடுத்தல் நன்று. 2012இலே புறூசர் மறுபடியும் வெளியிடப்பட்டபோது பலர் மகிழ்ந்தனர். எனினும் பெயரும் தோற்றமும் ஒன்றாயிருத்தலால் எல்லா உறுப்புகளும் ஒன்றென்று கருதியோர் ஏமாந்தனர். புதியதிற் சில பகுதிகள் மாற்றியமைக்கப்பட்டவை. ஆகையால் வாங்குமுன் இரு வண்டிகளின் விளக்க ஏடுகளையும் அருகருகே விரித்து, உறுப்பின் எண்ணையும் வரைபடத்தையும் ஒப்பிடல் வேண்டும். பெயரை நம்பலாகாது, அளவுகோலையே நம்பவேண்டும்.

இன்னொரு வழி, புதிதாகச் செய்விப்பது. இக்காலத்தில் முப்பரிமாண அச்சுப் பொறியினால் வீட்டிலிருந்தே பல உறுப்புகளை ஆக்கிக்கொள்கின்றனர். கண்ணாடிச் சட்டம், விளக்குத் தாங்கி முதலியவற்றுக்கு இது மிகப் பொருத்தம். பாரம் தாங்கும் உறுப்புக்கோ எச்சரிக்கை தேவை. அச்சிட்ட பொருள் படைமேல் படையாக அடுக்கப்பட்டது. படைகளுக்கிடையே அது எளிதிற் பிளக்கும். விசை எத்திசையில் வருமென்று ஆராய்ந்து, அதற்கேற்ப உறுப்பைப் படுக்கவைத்தோ நிமிர்த்தியோ அச்சிடவேண்டும்.

உலோக உறுப்பே உறுதியானதென்று ஓடுவோரும் உளர். இங்கேதான் அனுபவமுள்ளோர் தலையசைக்கின்றனர். வண்டி மோதும்போது விசை எங்கேயாவது போய்த் தீரவேண்டும். முன்னர் முறிந்தது மலிவான பிளாஸ்ரிக் கையாயிருந்தால், அதை இரும்பாக்கியபின் அவ்விசை அடுத்த பலவீனமான இடத்துக்குச் செல்லும். அவ்விடம் கியர்ப்பெட்டியின் ஓடாயிருந்தாலோ, சிறிய செலவைத் தவிர்க்கப் போய் மீளாத இழப்பைத் தேடிக்கொண்டவராவார்.

அளவுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 'பத்திலொன்று' என்று கடைக்காரர் சொல்வது பல வேளைகளில் ஒரு மரியாதைப் பேச்சே. உண்மை வண்டியின் 15 அங்குலச் சில்லு பத்திலொன்றாகும்போது ஒன்றரை அங்குலமாக வேண்டும்; ஆனால் கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது 1.9 அங்குலச் சில்லு. அதைப் பூட்டினால் வண்டி கம்பீரமாகத் தோன்றும். அளவிலே கண்டிப்பானவர்கள் முகஞ்சுளிப்பர். அவர்கள் 1.55 அங்குலச் சில்லைத் தேடிச் செல்கின்றனர். பற்சில்லிலே இத்தகைய தாராளம் சிறிதும் செல்லாது. சிலர் ஓரங்குல விட்டத்துக்கு இத்தனை பல்லென்று கணக்கிடுவர்; சிலர் ஒரு பல்லுக்கு விட்டத்தில் இத்தனை மில்லிமீற்றரென்று கணக்கிடுவர். அங்குலத்துக்கு 32 என்பது மில்லிமீற்றர்க் கணக்கில் 0.79, 0.8க்கு மிக அண்மை. 48 என்பதோ 0.53, 0.6 அன்று. இரண்டையும் கையிற் பிடித்துச் சேர்த்தால் கடிப்பதுபோலத் தோன்றும். ஓட்டினால் பற்கள் விரைவிலே தேய்ந்துபோகும்.

பொருத்தும்போது அவசரம் கூடாது. யப்பானியத் திருகாணியின் சிலுவைப் பள்ளம் மேனாட்டுப் பிலிப்ஸ் பள்ளத்தை ஒத்திருப்பினும் அதுவன்று. அதற்குரிய திருப்புளியைக் கொள்ளாவிடில் பள்ளம் சிதைந்து ஆணியைக் கழற்றவே இயலாமற் போகும். முன்னரே ஆணி ஏறியிருந்த பிளாஸ்ரிக் துளையில் மீண்டும் ஆணியிடுவோர், முதலில் இடப்புறமாக மெல்லத் திருப்பவேண்டும். ஒரு சிறு 'டிக்' என்ற உணர்ச்சியோடு ஆணி பழைய புரியிலே விழும். அதன்பின் வலப்புறம் முறுக்கினால் புதிய புரி வெட்டப்படாது, துளையும் பிழைக்கும். ஆணி தளராதிருக்க இடும் பசைநீரை உலோகத்தோடு உலோகம் சேருமிடத்தில் மட்டும் இடுக. பிளாஸ்ரிக்கிற் பட்டால் அதை வெடிக்கச் செய்யும். மோட்டாரை நகர்த்திப் பொருத்தக்கூடிய வண்டிகளில், இரு பற்சில்லுகளுக்கிடையே மெல்லிய காகிதத் துண்டொன்றை வைத்து நெருக்கி ஆணியை இறுக்கிப் பின் காகிதத்தை உருட்டி எடுப்பர். காகிதம் கிழியாது மடிப்புகளோடு வருமாயின் இடைவெளி சரி.

முதல் ஓட்டம் ஐந்து நிமிடத்துக்கு மேற்படலாகாது. பின் நிறுத்தி, மோட்டாரின்மேல் விரலை வைத்துப் பார்க்கவேண்டும். விரல் பொறுக்காத சூடாயின் பற்சில்லு இறுக்கமாயிருக்கிறது, அல்லது அச்சு எங்கோ உரசுகிறது. சில்லுகளின் சுரைகளை ஒருமுறை இறுக்கிவிட்டு, கியர்ப்பெட்டியைத் திறந்து நெய்க்குள்ளே பிளாஸ்ரிக் துகள் கலந்திருக்கிறதாவென்று வெளிச்சத்திற் பார்க்கலாம். துகள் இல்லையெனில் பெட்டியை மூடி மீண்டும் ஓட்டலாம்.