வீட்டுத் தமிழும் பிரெஞ்சுப் பாடமும்



தமிழகத்திற்கு வெளியே குடியிருக்கும் நம்மவர் வீடுகளில், பிள்ளை கல்லூரியில் சேரும் பருவத்தில் ஒரு வழக்கு நடப்பது உண்டு. வாதி, பிரதிவாதி எல்லாரும் வீட்டு மனிதர்களே. இரண்டாம் மொழியாக எதை எடுப்பது என்பதே வழக்கு. விண்ணப்பத் தாளில் இந்தி இருக்கும், வடமொழி இருக்கும், பிரெஞ்சு இருக்கும். தமிழ் பெரும்பாலும் இராது. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தார் நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன என்பது மெய்தான். ஆனால் அவற்றுக்கு எட்டாத தொலைவில் வீடு அமைந்தவர்களுள் நாங்களும் ஒருவர். ஆகவே எங்கள் மகள் தமிழைப் பேசுவாளேயன்றி எழுத அறியாள். அவள் பிரெஞ்சைத் தேர்ந்தாள்.

இதை ஒப்பாதவர் எங்கள் தாயார். அவர் பிறந்த ஊர் காரைக்கால். 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அங்கே பிரெஞ்சு ஆட்சி நீங்கியபோது அவருக்கு வயது ஒன்பது. பள்ளியில் இரண்டாண்டு அம்மொழியைக் காதால் கேட்டவர். "தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாத பெண்ணுக்கு அந்தப் பாஷை எதற்கு? அதை நாங்கள் அனுப்பிவைத்து எத்தனை காலம் ஆயிற்று!" என்றார். எங்களிடம் விடை இல்லை. மதிப்பெண் நிறைய வரும் என்று சொன்னோம். அது விடையன்று என்பதை அவரும் அறிவார், நாங்களும் அறிவோம்.

மதிப்பெண் வந்தது. முதற் பருவத் தேர்வில் நூற்றுக்கு 89. அது வந்த வழியையும் சொல்லிவிட வேண்டும். தொடக்கநிலை வகுப்பு என்பது பெயர். அமர்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் பள்ளியிலேயே நான்கைந்து ஆண்டுகள் பிரெஞ்சு படித்துவிட்டு, எளிதில் எண் வாங்கலாம் என்று மறுபடி முதற்பாடத்துக்கு வந்தவர்கள். உண்மையாகவே தொடங்குபவர்கள் அவர்களோடு ஓட இயலாமல் கையேட்டைப் பற்றிக்கொண்டார்கள். வினையின் ஆறு வடிவங்களை எழுது, ஆங்கிலத்தில் பெயர்த்தெழுது, கோடிட்ட இடத்தை நிரப்பு என்று எல்லாம் தாளிலேயே நடந்தன. வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பருவ விடுமுறையில் குதுப் மினார் ரயில் நிலையத்தின் வாயிலில் பிரெஞ்சுக்காரத் தம்பதியர் இருவர், நுழைவாயிலுக்கு எப்படிப் போவது என்று தமக்குள் பேசிக்கொண்டிருந்தனர். எங்கள் மகள் ஆர்வத்தோடு முன்சென்று "போன்ஜூர்" என்றாள். அவர்கள் முகம் மலர்ந்து ஏதோ கேட்டார்கள். அவளுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மீண்டும் மெல்லக் கேட்டார்கள். இடப்பக்கம், வலப்பக்கம் என்பவற்றுக்குரிய சொற்களைத் தேர்வில் எழுதியவள்தான். வாயில் அவை வரவில்லை. அந்த அம்மையார் பரிவோடு ஆங்கிலத்துக்கு மாறினார். வீடு திரும்பும்வரை அவள் பேசவில்லை. பிரெஞ்சை விட்டுவிடுகிறேன் என்று இரவில் சொன்னாள்.

விடுமுன் ஒரு முயற்சி என்று நாங்களும் அவளோடு பாடநூலைத் திறந்து அமர்ந்தோம். முதற் பக்கத்திலேயே தடை. 'நல்ல' என்று பொருள்படும் 'போன்' என்ற சொல். அதன் ஈற்றில் 'ன்' எழுத்தளவில் உண்டு. ஒலிப்பில் நா மேலே தொடுவதில்லை. உயிரொலி மூக்கின் வழியாகவும் வெளிப்பட்டு நின்றுவிடுகிறது. அவள் 'போன்' என்றாள், 'போங்' என்றாள், ஒன்றும் சரிப்படவில்லை. உள்ளேயிருந்து தாயார் கேட்டார்: "பணம்னு நீ எப்படிச் சொல்றே? கடைசியிலே வாயை மூடறியா?"

மகள் சொல்லிப் பார்த்தாள். நேயர்களும் இப்போது சொல்லிப் பாருங்கள். எழுத்தில் 'பணம்' என்கிறோம். பேச்சில் உதடு மூடுவதே இல்லை. 'பணோ' என்பதுபோல் நிறுத்தி, அந்த ஓகாரத்தை மூக்கில் ஏற்றி விட்டுவிடுகிறோம். 'மரம்', 'படம்', 'பழம்' எல்லாம் அப்படியே. பிரெஞ்சு 'போன்' என்பதில் நிற்கும் உயிர் ஏறத்தாழ அதுவே. 'அவன்' என்பதை விரைந்து பேசுகையில் ஈற்றில் கேட்கும் ஒலி, திராட்சை மதுவைக் குறிக்கும் 'வேன்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு மிக அணுக்கமானது. அச்சில் இவ்வேறுபாட்டைக் காட்ட இயலாது. ஆதலால் இங்கே இரண்டையும் ஒலித்துக் காட்டினோம்.

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. 'பணம்' என்னும்போது மறைந்திருந்த மகர ஒற்று, 'பணமில்லை' என்று அடுத்து ஓர் உயிர் வந்தவுடன் தெளிவாக வெளிப்பட்டுவிடுகிறது. 'அவன்' என்பதில் மறைந்த னகரம் 'அவனெங்கே' என்பதில் திரும்பி வருகிறது. பிரெஞ்சிலும் இவ்வாறே. தனித்து நிற்கும்போது ஒலியாத 'போன்' என்பதன் ஒற்று, நண்பனைக் குறிக்கும் 'ஆமி' என்ற சொல் தொடர்ந்தால் 'போனாமி' என்று உயிர்பெற்று எழுகிறது. நண்பர்கள் என்பது 'லே ஆமி' அன்று, 'லேஸாமி'. ஒற்றின்மேல் உயிர் ஏறுவதைப் புணர்ச்சி விதியாக நம் இலக்கண நூல்கள் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே வகுத்திருக்கின்றன. பிரெஞ்சு மாணாக்கர் இதற்கென ஒரு தனி அதிகாரம் படிக்கிறார்கள். 'நான்' என்பது 'ஜெ'. 'உடையேன்' என்பது 'ஏ'. இரண்டும் சேர்ந்தால் 'ஜெ ஏ' என்று நில்லாமல் 'ஜே' ஆகிவிடும். 'காசு இல்லை' என்பது 'காசில்லை' ஆவதைப்போல. இதைக் கேட்டதும் எங்கள் மகள், "இதை ஏன் எங்களுக்கு அரைமணி நேரம் விளக்கினார்கள்?" என்றாள்.

ஆங்கிலத்தின் வாயிலாகவே பிரெஞ்சுக்குள் நுழைவதால் வரும் தொல்லை இதுதான். பிரெஞ்சின் 'த'கரம் நம் தகரத்தைப் போல் நா பல்லைத் தொட்டு எழுவது. மேசையை அவர்கள் 'தாப்ல்' என்கிறார்கள். எழுத்தில் அது ஆங்கிலச் சொல்லைப் போலவே தோன்றுவதால் நம் பிள்ளைகள் 'டாப்ல்' என்று ட்டகரத்தை இழுத்துவந்து விடுகிறார்கள். சொல்லின் முதலில் ஆங்கிலேயர் பகரத்தையும் ககரத்தையும் மூச்சு வெடிக்கச் சொல்வர். பிரெஞ்சுக்காரர் நம்மைப்போல் மூச்சின்றிச் சொல்வர். 'பால்', 'கல்' என்று சொல்லும் வாய்க்கு 'பாரி' என்ற நகர்ப்பெயர் எளிது. நம் வாயில் இருப்பதை மறந்து, ஆங்கிலத்துக்காகப் பழகியதைக் கொண்டுபோய் அங்கே வைப்பானேன்?

அவர்களுடைய ரகரம் மட்டும் நமக்குப் புதிது. அது நாநுனியில் பிறவாமல் தொண்டையில் உரசிப் பிறப்பது. இதற்கு வடநாட்டில் வாழும் நமக்கு வேறொரு துணை இருக்கிறது. உருது நன்கறிந்தவர் 'கஜல்' என்று சொல்லும்போது முதலெழுத்தைக் கூர்ந்து கேளுங்கள். பாரி நகரத்து ரகரம் அதற்கு நெருங்கிய உறவு.

எல்லாவற்றுக்கும் தமிழ் உதவும் என்று சொன்னால் அது பொய்யாகும். பால்பாகுபாட்டில் நாம் முற்றிலும் அந்நியர். நமக்கு மேசையும் நூலும் வீடும் அஃறிணை. அங்கே கதை முடிந்தது. பிரெஞ்சில் ஒவ்வொரு பெயரும் ஆணாகவோ பெண்ணாகவோ இருந்தாக வேண்டும். முப்பது ஆண்டுகள் தில்லியில் வாழ்ந்தும் 'மேரா கிதாப்' என்று சொல்லிக் காய்கறிக்காரரும் சிரிக்கும் நிலையில் இருப்பவர்கள் நாங்கள். இங்கேயே பிறந்த மகளுக்கு அந்த இடர் இல்லை. ஆனால் இந்தியின் பால் பிரெஞ்சில் செல்லும் என்று அவள் நம்பியதில் வேறோர் இடர் விளைந்தது. நூல் இந்தியில் பெண், பிரெஞ்சில் ஆண். வீடு இந்தியில் ஆண், பிரெஞ்சில் பெண். தண்ணீரும் நிலவும் அவ்வாறே பால் மாறிவிடுகின்றன. நாற்காலியும் மேசையும் இரண்டிலும் பெண்ணாக இருந்து ஏமாற்றுகின்றன. இதற்குக் குறுக்குவழி இல்லை. பெயரைத் தனியே மனப்பாடம் செய்யாமல், முன்னே வரும் 'லெ', 'லா' என்ற சொல்லோடு சேர்த்தே பழக வேண்டும். வீட்டிற்கு வரும் பெரியவர்களைப் பெயர்மட்டும் சொல்லாமல் மாமா, அத்தை என்ற முறையோடு குழந்தைக்குக் கற்பிக்கிறோம் அல்லவா, அதுபோல.

மற்றொன்று, உதட்டைக் குவித்துச் சொல்லும் ஓர் இகரம். 'ஊ' என்று உதட்டைக் குவித்துக்கொண்டு, அதை மாற்றாமல் உள்ளே 'ஈ' சொல்ல வேண்டும். கண்ணாடி முன் நின்றால் வரும், வெட்கப்பட்டால் வராது. இதைத் தவறவிட்டால் 'மேலே' என்று பொருள்படும் சொல் 'கீழே' என்ற சொல்லாகிவிடும். இரண்டுக்கும் வேறுபாடு அந்த ஓர் உயிரே.

மரியாதைச் சொல்லில் மீண்டும் நம் ஊர் வந்துவிடுகிறது. 'வூ' என்பது பலரையும் குறிக்கும், மதிப்புக்குரிய ஒருவரையும் குறிக்கும். நம் 'நீங்கள்' அப்படியே. இன்றைய ஆங்கிலத்தில் ஒரே சொல்லோடு நின்றுவிட்டவர்களுக்கு இதை விளக்கப் பல பக்கங்கள் தேவை. ஆசிரியருக்கு 'வூ', தோழிக்கு 'த்யூ' என்றால் நம் பிள்ளைக்கு விளங்கிவிடும். ஆயினும் எல்லைக்கோடு வேறிடத்தில் இருக்கிறது. அங்கே இன்று வீட்டுக்குள் பெரும்பாலும் எல்லாரும் 'நீ'தான். அம்மாவையும் பாட்டியையும் 'நீ' என்பது நம் பல வீடுகளிலும் உண்டு. அப்பாவும் 'நீ' என்பதை எங்கள் வீட்டில் இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை.

எண்களைக் கற்பித்தவர் தாயாரே. அறுபது வரையில் ஒழுங்காகச் செல்லும் பிரெஞ்சு எண்கள் எழுபதில் 'அறுபது பத்து' என்றாகின்றன. எண்பது 'நான்கு இருபது'. தொண்ணூறு 'நான்கு இருபது பத்து'. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுவோர் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனிச்சொல் வைத்துக்கொண்டு இத்தொல்லையைக் குறைத்துக்கொண்டார்கள். மகள் சலித்துக்கொண்டபோது தாயார், "ஒன்பதுக்குப் பக்கத்திலே தொண்ணூறு எப்படி வந்ததுன்னு நீ என்னிக்காவது கேட்டியா? அதையும் அப்படியே படிச்சுக்கோ" என்றார். அவருக்கும் எண்பது நிறைந்துவிட்டது. வயது கேட்பவர்களிடம் இப்போது "நாலு இருபது" என்றே சொல்கிறார்.

சொற்றொடரின் கட்டமைப்பில் ஓரிடம் எங்களை நெடுநேரம் நிறுத்தியது. பிரெஞ்சுக்காரர் பசியை 'உடையவர்கள்'. நமக்கோ 'எனக்குப் பசிக்கிறது'. இங்கே நாம் பிரிகிறோம். ஆனால் தொலைவில் இருக்கும் ஒருவரை எண்ணி ஏங்குவதை அவர்கள் சொல்லும் முறையைப் பாருங்கள்: 'நீ எனக்குக் குறைகிறாய்'. ஏங்குபவர் அங்கே எழுவாயாக நிற்பதில்லை. நம் 'எனக்கு'வைப் போல் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். ஆங்கிலவழி கற்கும் மாணாக்கர் இதைத் தலைகீழாக எழுதி எண் இழப்பது வழக்கம். எங்கள் மகள் ஒருமுறைகூடத் தவறவில்லை.

இப்பொழுது அவள் கல்லூரித் தேர்வோடு வெளித்தேர்வு ஒன்றுக்கும் ஆயத்தமாகிறாள். ஐரோப்பிய மொழிகளுக்கென 2001இல் வெளியான பொதுச் சட்டகத்தின்படி மொழித்திறன் ஆறு படிகளாகப் பகுக்கப்படுகிறது. அவற்றுள் முதற்படி ஏ-1. அதற்குரிய 'டெல்ஃப்' தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 வேண்டும். எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையலாகாது. ஆகவே வாயைத் திறவாமல் கையேட்டால் தேறிவிட வழியில்லை. பிள்ளைக்குப் பிரெஞ்சு எடுத்துக் கொடுக்கும் பெற்றோர், 89 வந்தது என்று எங்களைப்போல் இனிப்பு வழங்குமுன், ஒரு முழு வாக்கியம் பேசச் சொல்லிக் கேட்பது நன்று.

ஒலிப்பைக் குறித்துவைக்க மகளுக்கு ஆங்கில எழுத்து உதவவில்லை. தகரத்துக்கும் டகரத்துக்கும் அங்கே ஓரெழுத்தே. ஆகையால் பாட்டியிடம் தமிழ் எழுத்தைக் கேட்டுக் கேட்டுப் பாடக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதத் தொடங்கினாள். சென்ற வாரம் அதில் ஒரு பக்கத்தின் தலையில் 'பாட்டி சொண்ணது' என்று எழுதியிருந்தாள். தாயார் மூக்குக்கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, மிகுந்திருந்த சுழியை அடித்துத் திருத்திவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.