கையும் பேசும்: காது கேளாத குழந்தைக்கும் ஒரு மொழி வேண்டும்



நம் ஆத்தூர்ப் பக்கம் சில வீடுகளில் உள்ளே தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். தெருவில் இறங்கினால் தமிழ். அந்த வீட்டுப் பிள்ளை பாட்டியிடம் ஒரு பேச்சும், பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சுமாகச் சமர்த்தாகப் பேசுகிறது. "ரெண்டு பாஷை கேட்டா நாக்கு குழறும்" என்று யாரும் பயப்படுவதில்லை. ஆனால் காது கேளாத பிள்ளை கையைக் காட்டினால் மட்டும், "கையை ஆட்டாதே, அப்புறம் பேச்சே வராது" என்று தட்டி விடுகிறோம். இது சரியா?

ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். அப்போது மரவள்ளிக் காட்டில் வேலை செய்யும் ஒரு தம்பதியர் தங்கள் நாலு வயசுப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். "வசம்பு உரசி நாக்குல தடவினோம், கோயிலுக்கும் நேர்ந்துக்கிட்டோம். பேச்சு வரலைங்க சார்" என்றார் தாய். முந்தின இரவெல்லாம் குழந்தை அழுதிருக்கிறது. எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தாய்க்கும் வழியில்லை. சொல்லப் பிள்ளைக்கும் வழியில்லை. கையைக் கட்டிப்போடச் சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

சைகை ஒரு மொழியா?

ஆம், முழு மொழி. தமிழைக் கையால் காட்டுவது அல்ல அது. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. கேள்விச் சொல் கடைசியில் வரும். முகபாவமும் பொருள் சொல்லும். அமெரிக்கச் சைகை வேறு, நம் நாட்டுச் சைகை வேறு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர்கள், காது கேளாதோர் பள்ளிகளில் வாய்ப்பேச்சு மட்டுமே போதும் என்று முடிவு செய்தார்கள். 1960இல் வில்லியம் ஸ்டோக்கோ என்ற அமெரிக்கப் பேராசிரியர், சைகையும் மொழியே என்று ஆராய்ந்து காட்டினார். 2010இல் வான்கூவரில் கூடிய மாநாடு, மிலான் முடிவுக்கு வருத்தம் தெரிவித்தது. நம் நாட்டில் 2018இல் வெளியான இந்திய சைகை மொழி அகராதியில் 3,000 சொற்கள் இருந்தன; 2021இல் அது 10,000 ஆகியது.

பேச்சு வராமல் போகுமா?

போகாது. குழந்தையின் மூளைக்கு முதல் சில ஆண்டுகளில் ஒரு மொழி கிடைத்தாக வேண்டும். அது காது வழியாக வந்தாலும் சரி, கண் வழியாக வந்தாலும் சரி. பருவம் தவறி விதைத்தால் பயிர் என்னாகும் என்று உங்களுக்குத் தெரியும். சைகை பேசும் வீட்டில் பிறந்த காது கேளாத குழந்தை, மற்றக் குழந்தைகள் மழலை பேசும் வயதில் கையால் மழலை பேசுகிறது! முதலில் வேரூன்றிய அந்த மொழியைப் பிடித்துக்கொண்டு, எழுதப்படும் தமிழையும் படிக்கக் கற்கும். காதுக் கருவி வைத்த பிள்ளைக்கும் சைகை தடையல்ல, துணைதான்.

காது கேளாத பெற்றோருக்குக் கேட்கும் குழந்தை பிறந்தால் பயம் வேண்டாம். சைகையை வீட்டிலும், பேச்சைத் தாத்தா பாட்டியிடமும் அக்கம்பக்கத்திலும் கற்றுக்கொள்ளும். ஆனால் ஆஸ்பத்திரி முதல் பேங்க் வரை எல்லாவற்றுக்கும் அந்தச் சின்னப் பிள்ளையையே பேச வைக்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பிறந்த ஒரு மாதத்துக்குள் காதுப் பரிசோதனை. குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும். காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் "ங்கா" என்று குரல் கொடுக்கும். அதைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

2. "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருக்காதீர்கள். சந்தேகம் வந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதிக்கலாம். ஆறு வயதுக்குட்பட்டோருக்கு, தகுதி இருந்தால், காப்பீட்டுத் திட்டத்தில் காதினுள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையும் உண்டு.

3. காதில் எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

4. தாய் மட்டுமல்ல, அப்பா, அண்ணன், பாட்டி எல்லோரும் சைகை கற்க வேண்டும். சைகை பேசும் பெரியவர்களோடு குழந்தையைப் பழக விடுங்கள்.

5. நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தால் பிறவிக் காது கேளாமைக்கு வாய்ப்பு கூடும். கர்ப்ப காலத்து ரூபெல்லாவும் குழந்தையின் காதைப் பாதிக்கும். ஆகவே தட்டம்மை - ரூபெல்லா ஊசியைத் தவறவிடாதீர்கள். ஆனால் பிறந்த பிள்ளைக்காகத் தாயைப் பழிக்க வேண்டாம். காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள்.

அந்தப் பெண் குழந்தையை மறுபடி பார்த்தேன். வயிற்றில் கை வைத்து, முகம் சுளித்து, வலி என்று சைகை காட்டினாள். "இப்ப சொல்லிடறாங்க சார்" என்றார் தாய், கண் கலங்க. அந்த ஒரு சொல் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் நாலு வயது வரை தள்ளிப்போகக் கூடாது.

பிள்ளையின் கையைத் தட்டி விடாதீர்கள். அந்தக் கை பேசட்டும்.