சிரிக்க ஒரு நூல், சிந்திக்க ஒரு நூல்

(வானொலி மறையுரை)



“ஃபாதர், கதைப் புத்தகம் படிப்பது பாவமா?” நம் புளியந்தோப்பில் தாய்மார்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிற கேள்வி இது. பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவில் அரை மணி நேரம் ரமணிசந்திரன் நாவலோ வார இதழோ படிக்கிறவர்கள் அவர்கள். “அந்த நேரத்தில் பைபிள் வாசித்தால் என்ன?” என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கோ, பாடப்புத்தகம் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்ற கண்டிப்பு.

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்துக்குப் போய் வந்தவர்கள் வீரமாமுனிவரை அறிவீர்கள். இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு. புனித சூசையப்பரின் வரலாற்றை 3,615 பாடல்களில் தேம்பாவணி என்ற காப்பியமாகப் பாடியவர். இலக்கணம் எழுதினார், சதுரகராதி தொகுத்தார். அதே கைதான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதியது.

ஆற்றைக் கடந்த குருவும் ஐந்து சீடர்களும் தங்களை எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவர் தம்மை விட்டுவிட்டே எண்ணுவதால் ஐந்து பேர்தான் வருகிறது. ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டதென்று அழுகிறார்கள். குழந்தையும் சிரிக்கும் கதை. சிரித்து ஓய்ந்த பிறகு ஒரு கேள்வி நெஞ்சில் தைக்கிறது: ஊரார் குறைகளையெல்லாம் எண்ணுகிற நான், என்னை எண்ணுகிறேனா?

நம் ஆண்டவரும் மக்களிடம் உவமைகளாகவே பேசினார்; சீடர்களுக்குத் தனியே விளக்கினார் என்கிறது மாற்கு நற்செய்தி, 4ஆம் அதிகாரம். கதையைக் கேட்டதும் கலைந்தது கூட்டம். பொருள் கேட்க உட்கார்ந்தவர்கள் சீடர்கள். கதை கேட்பது குற்றமல்ல. கதையோடு நின்றுவிடுவதுதான் இழப்பு.

அப்படியானால் எதை, எவ்வளவு படிப்பது? புனித இஞ்ஞாசியாரைப் பாருங்கள். 1521இல் பம்பலோனாப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுத்திருந்தார். வீரர்களின் சாகசக் கதைகளைக் கேட்டார், வீட்டில் இல்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான் கிடைத்தன. சாகசங்களை நினைக்கும்போது இனித்தது. பிறகு மனம் வறண்டது. புனிதர்களை நினைத்தபோதோ, அந்த மகிழ்ச்சி பிறகும் நிலைத்தது. இந்த வேறுபாட்டைக் கவனித்ததில்தான் அவர் மனமாற்றம் தொடங்கியது.

நமக்கும் அதுவே அளவுகோல். புத்தகத்தை மூடிய பிறகு மனம் எப்படி இருக்கிறது? களைப்பு நீங்கி, வீட்டாரிடம் கனிவு கூடியிருந்தால் அந்த நாவல் நல்ல தோழி. பொறாமையும் எரிச்சலும் மிஞ்சினால் அதை ஒதுக்கி வையுங்கள். மனிதர் மனத்தைப் புரிந்துகொள்ள இலக்கியம் உதவும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024ஆம் ஆண்டு தனி மடலே எழுதியிருக்கிறார்.

ஆகவே தாய்மார்களே, கூச்சமின்றிப் படியுங்கள். ஆனால் நாவலைத் திறப்பதற்குமுன் நற்செய்தியில் ஒரு பத்தியை நிதானமாக வாசியுங்கள். பெற்றோரே, பிள்ளை கையில் கதைப் புத்தகத்தைக் கண்டால் பிடுங்காதீர்கள், பக்கத்தில் அமர்ந்து, “இந்தக் கதையில் உனக்கு யாரைப் பிடித்தது? ஏன்?” என்று கேளுங்கள். சிந்தனை அங்கே தொடங்கிவிடும்.

உவமைகளால் நம்மிடம் பேசிய இயேசு, நாம் வாசிக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் நம்மோடு இருப்பாராக. ஆமென்.