மூங்கில் புல்லா, மரமா?

(பீளமேட்டுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நூலாலைகளாலும் நீரெக்கித் தொழிலாலும் பெயர்பெற்ற இப் பீளமேட்டில் நின்றுகொண்டு கூடை முடைவோரைப் பற்றிப் பேசுவது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். ஆனால், பொறிகள் வருமுன்னர்க் கொங்குநாட்டு உழவைத் தாங்கியவை எவை? எருச் சுமந்தது கூடை. பதர் புடைத்தது முறம். விளைச்சல் சுமந்தது மக்கிரி. மூன்றும் மூங்கிலால் ஆனவையே!

கூடை முடைவோர் பச்சை மூங்கிலைப் பிளந்து, கணுவைச் செதுக்கி, புறப்பகுதி வேறு, உட்பகுதி வேறாகச் சீவுகின்றனர். புறப்பகுதி வலியது; சுமை தாங்கும் பின்னலுக்கு உரியது. உட்பகுதி மெல்லியது, விரைவில் நைந்துபோவது. கத்தி பிடித்த கை கண்ட இவ்வுண்மையைத் தொல்காப்பியர் மரபியலில் இலக்கணமாகவே வகுத்துவிட்டார். வயிரம் புறத்தே உடையது புல்; அகத்தே உடையது மரம். மூங்கில் புல்லினமே என்று இன்றைய நிலைத்திணை நூலாரும் கூறுகின்றனர்.

ஆனால், வெள்ளையன் 1927-இல் இயற்றிய இந்தியக் காட்டுச் சட்டம் மூங்கிலை மரமென்றது! வெட்டவும் கொண்டுசெல்லவும் கட்டுப்பாடுகள் சூழ்ந்தன. 2017-இலேதான் நடுவணரசு அச்சொல்லை நீக்கியது. ஒரு சொற்பிழையைத் திருத்தத் தொண்ணூறு ஆண்டுகள்! அதுவும் காட்டுக்கு வெளியே விளையும் மூங்கிலுக்கு மட்டுமே விடுதலை. 2006-ஆம் ஆண்டின் காட்டுரிமைச் சட்டம், ஆனைகட்டிப் பக்கத்து இருளர் போலக் காட்டை அண்டி வாழ்வோர்க்கு மூங்கில் திரட்டும் உரிமையை ஒப்புகின்றது. ஊர்த்தெருவோரம் அமர்ந்து, மூங்கிலை விலைக்கு வாங்கி முடைவோர்க்கோ அவ்வுரிமை எட்டுவதில்லை.

மூங்கில் விலை ஒருபுறம் நெருக்க, நெகிழிக் கூடை மறுபுறம் நெருக்குகின்றது. ஒருமுறை ஆளும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 சனவரி முதல் தடை விதித்தது. நெகிழிக் கூடைக்கோ தடையில்லை.

முடைவோர் பிள்ளைகள் முடையவே வேண்டும் என்று யாம் கூறவில்லை. பிறப்பால் தொழிலைக் கட்டுவது கொடுமை. கற்கட்டும், விரும்பிய பணி புரியட்டும். ஆனால், விரும்பி முடைவோன் பசித்திருத்தல் ஆகாது. இழிவாக நோக்கப்படுதலும் ஆகாது.

எனவே, புறம்போக்கு நிலங்களில் அரசு மூங்கில் வளர்த்து அவர்கட்குக் குறைந்த விலையில் வழங்குக! உழவர் சந்தைகளில் அவர்கட்கு இடம் ஒதுக்குக! நீங்களோ, அவர்கள் சொன்ன விலையைக் குறைத்துக் கேளாமல் ஒரு முறமேனும் வாங்குங்கள். முறம் வீட்டைவிட்டுப் போனால் புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் என்னும் சொற்களும் அதனோடு போய்விடும். சொல்லைக் காக்க விரும்புவோர் அச்சொல் வாழும் கையையும் காத்தல் வேண்டும்!